படகு வீட்டுக்கு வந்தபின்

ஒன்ராறியோ மாகாணத்தில் அக்டோபர் பாதி தாண்டினால் வீட்டு வாசல்களில் படகுகள் வந்து நிற்கத் தொடங்கும். கோடை முழுக்க சிம்கோ ஏரி, ரைஸ் ஏரி, ஜார்ஜியன் விரிகுடா என்று சுற்றிய படகுகள் டிரெய்லரில் ஏறி, காருக்குப் பின்னால் இழுபட்டு, டொரொன்டோவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வந்துசேரும். மறுபடி அவை தண்ணீரைப் பார்ப்பது அடுத்த மே மாதம்தான். கோடையிலும்கூட வேலைக்குப் போகிறவர்களால் சனி, ஞாயிறுகளில்தான் ஏரிக்குப் போக முடிகிறது. கணக்குப் பார்த்தால், டிரெய்லரில் வைக்கும் படகு தன் ஆயுளில் பெரும்பகுதியைத் தரையில்தான் கழிக்கிறது. அதனால் அது எத்தனை வருடம் உழைக்கும் என்பதை ஏரியைவிட நம் வீட்டு வாசல்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

படகுத்துறையில் விட்டால் மாத வாடகை. வீட்டில் வைத்தால் அந்தச் செலவு இல்லை, நினைத்தபோது எட்டிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். செய்ய வேண்டியவை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. எதை எதற்காகச் செய்கிறோம் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். புரிந்தால் நம் படகுக்கு எது பொருந்தும் என்று நாமே முடிவு செய்யலாம். ஒவ்வொரு படியாகப் போவோம். ஒரு டீயோடு முடிகிற பேச்சு இல்லை, இரண்டாவது கோப்பைக்கும் சேர்த்தே தண்ணீர் வைத்துக்கொள்ளலாம்.

பேச வசதியாக ஒரு படகை முன்னால் நிறுத்திக்கொள்வோம். 18 அடி நீளம், ஃபைபர்கிளாஸ் உடம்பு, பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின். ஒரு குடும்பம் ஏரிக்குப் போய்வரப் போதுமான படகு. டிரெய்லர், எஞ்சின், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை டன் வரும். இதன் முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

முதலில் இடம். 18 அடிப் படகு 18 அடி இடத்தில் நிற்காது. முன்னால் டிரெய்லரின் மூக்கு நீளும், பின்னால் எஞ்சின் நீளும். இரண்டையும் சேர்த்தால் 22, 23 அடிக்குப் போய்விடும். இங்குள்ள வீட்டுக் கராஜ்கள் பலவற்றின் ஆழம் 20 அடிதான். கதவின் உயரம் பெரும்பாலும் 7 அடி. டிரெய்லர்மேல் ஏறி நிற்கிற படகின் முன்கண்ணாடி அதில் இடிக்கும். ஆகவே விற்பனைத் தாளில் போட்டிருக்கிற நீளத்தை நம்ப வேண்டாம். டேப்பை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து புரொபெல்லர் வரை நாமே அளக்க வேண்டும். மூக்கைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்கிற டிரெய்லர்களும் கிடைக்கின்றன. ஓரிரண்டு அடிதான் மிச்சமாகும், ஆனால் சில வீடுகளில் கதவு மூடுமா மூடாதா என்பதே அந்த ஓரிரண்டு அடியில்தான் இருக்கிறது.

கராஜுக்குள் இடம் கிடைத்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போய்விடாது. படகின் அடிவயிற்றிலும் கராஜின் தரையிலும் படிந்து பரவும். அதே கராஜில் எரிவாயுவில் ஓடும் வெந்நீர்த் தொட்டியோ கணப்பு அடுப்போ இருந்தால், அதன் சுடர் தரைக்குச் சற்று மேலேதான் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் குழாயில் சின்னக் கசிவு ஒன்று போதும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் மேலே பிள்ளைகள் தூங்குகிற அறை இருக்கும். சுடர் இருக்கிற இடத்தில் பெட்ரோல் உள்ள படகை வைக்கவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த நிலையில் அது வெளியே, தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதுதான் நல்லது.

இனி, கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிற ஒரு நினைப்புக்கு வருவோம். ‘படகைச் செய்ததே தண்ணீருக்காகத்தான். ஏரியிலேயே கிடக்கிற சாமான், மழை அதை என்ன செய்துவிடும்?’ கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. காரை மூடி வைக்கிறவர்கள்கூட படகைத் திறந்தபடி விட்டுவிடுவது இந்த நினைப்பினால்தான். வாசலில் நின்றே பாழாய்ப்போகும் படகுகளில் பலவற்றுக்கும் தொடக்கம் இதுதான் என்பேன்.

படகைச் செய்தது தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காக. உள்ளே வந்த தண்ணீரைத் தாங்குவதற்காக இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு வேலை. படகின் வெளிப்பக்கத்தில் ஜெல்கோட் என்ற பளபளப்பான கெட்டிப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் வாரக்கணக்கில் தண்ணீர் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. உள்பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நடக்கிற தரையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நீளவாக்கில் சட்டங்கள் ஓடும். அந்தச் சட்டங்கள்தான் படகை வளையாமல் பிடித்து நிறுத்துகின்றன. பல படகுகளில், முக்கியமாகப் பழையவற்றில், அவை மரம். மேலே கண்ணாடியிழையைச் சுற்றி மூடியிருப்பார்கள். எஞ்சினைத் தாங்குகிற அமரப் பலகைக்குள்ளும் பிளைவுட் இருக்கும்.

இருக்கைக்கு, விளக்குக்கு, மீன்பிடித் தூண்டில் தாங்கிக்கு என்று எங்கெல்லாம் திருகாணி போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் அந்த இழையில் ஒரு துளை விழுந்திருக்கும். தேங்கிய தண்ணீர் அந்தத் துளை வழியாக மரத்துக்குள் இறங்கும். இறங்கியது திரும்பி வர வழியில்லை, சுற்றிலும் இழை மூடியிருக்கிறது. மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், மேலே பார்த்தால் படகு புதிதாகவே தெரியும். பழைய படகு வாங்கப் போகிறவர்கள் ஒரு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அமரப் பலகையை அங்கங்கே தட்டிப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நல்ல மரம் டக் டக் என்று கெட்டியாகச் சொல்லும். ஊறிப்போன இடம் தொப் என்று அமுங்கும். அந்த ஒலி கேட்டால் விலை பேசாமல் திரும்பிவிடுவதே உத்தமம். பலகையை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை இறக்கி, இழையை அறுத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். சில படகுகளின் மதிப்பையே அந்தச் செலவு தாண்டிவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மரத்தை உளுக்க வைப்பது ஒரு பூஞ்சை. அதற்கு உப்பு ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஆக, கடல்நீர் தெறித்து நனைந்த மரத்தைவிட மழைத் தண்ணீர் தேங்கிய மரம் சீக்கிரம் கெடும். மழைதானே என்று நாம் அலட்சியமாக விடுகிற தண்ணீர்தான் மரத்துக்கு ஆகாத தண்ணீர்.

தரைக்கு அடியில் மிதவை நுரையும் இருக்கும். 20 அடிக்குக் குறைந்த படகுகள் உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் முழுகாமல் மிதக்க வேண்டும் என்று அமெரிக்கா 1970களில் விதி கொண்டுவந்தது. அதற்காகத்தான் அடியில் நுரையை அடைக்கிறார்கள். நாள்கணக்கில் நனைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் ஊறினால் நுரையே தண்ணீரைக் குடித்துவிடும். அதை உலர்த்தி எடுப்பது அநேகமாக முடியாத காரியம். மிதப்பதற்காக வைத்த பொருள் சுமையாகிவிட்ட பிறகு, அதே எஞ்சினோடு படகு முன்னைவிட மெதுவாக ஓடும், பெட்ரோலும் அதிகம் பிடிக்கும். உரிமையாளர் எஞ்சினில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார்.

எடைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். படகின் திறந்த பகுதி 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் உள்ளே சேர்வது 200 லிட்டர், அதாவது 200 கிலோ. ஏரியில் நிற்கும்போது பம்ப் ஒன்று பேட்டரியில் ஓடி இதை வெளியே தள்ளிவிடும். வீட்டு வாசலில் பேட்டரி இறங்கிப்போயிருக்கும், அல்லது நாமே கழற்றி வைத்திருப்போம். இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு டிரெய்லரின் டயரும் ஸ்பிரிங்கும் சுமப்பது படகையும் அரை டன் தண்ணீரையும்.

நம் கடற்கரையில் இந்த அறிவு பழையது. கட்டுமரம் ஓட்டிய மீனவர்கள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும். அன்றாடம் கடலுக்குப் போய்வந்த கலத்தையே காய வைத்துத்தான் மறுபடி இறக்கினார்கள். ஃபைபர்கிளாஸ் படகை அப்படிப் பிரித்துப் போட முடியாது. அதனால் தண்ணீர் வெளியே ஓடவும் காற்று உள்ளே போகவும் நாம்தான் வழி செய்து கொடுக்க வேண்டும்.

தண்ணீர் ஓடுவதற்கான வழியைப் படகு கட்டியவர்களே வைத்திருக்கிறார்கள். அமரத்தின் அடியில், நடுவாக, ஓர் அங்குலக் குறுக்களவில் ஒரு துளை இருக்கும். அதைப் பித்தளையிலோ ரப்பரிலோ செய்த ஒரு தக்கை அடைத்திருக்கும், கட்டைவிரல் பருமன்தான். படகு ஏரியை விட்டு ஏறியதும் முதல் வேலை அதைக் கழற்றுவது. கழற்றியதைக் கையோடு எஞ்சின் சாவியில் கட்டிவிடுங்கள். பிறகு, டிரெய்லர் மூக்கில் இருக்கிற ஜாக்கியைச் சுற்றி அணியத்தை உயர்த்த வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீரை அணியத்தில் ஊற்றிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். முழுவதும் துளை வழியாக வந்துவிட்டால் சரி. பாதி நடுவில் நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். உதிர்ந்த மேப்பிள் இலை ஒன்று அந்தத் துளையில் ஒட்டிக்கொண்டாலே போதும், எல்லாம் வீணாகிவிடும். ஆகவே இலையுதிர் காலத்தில் வாரம் ஒரு முறை விரல் விட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் தக்கையைக் கழற்றுவது இங்கே நம் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகைச் சாலையில் இழுத்துப் போகுமுன் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் செடிகொடிகளையும் அகற்ற வேண்டும். காரணங்களில் ஒன்று வரிச் சிப்பி. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த விரல்நக அளவு சிப்பி இது. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரில் வந்து, 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ஐம்பெரும் ஏரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு குடிநீர்க் குழாய்களையே அடைத்துவிடும். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது; படகின் அடியில் மிஞ்சிய ஒரு குவளைத் தண்ணீரில் பயணம் செய்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். வீட்டு வாசலில் படகு நன்றாகக் காய்ந்தால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கோடையில் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகிறவர்கள் இடையில் ஐந்து நாளாவது காயவிடுவது அதனால்தான்.

தண்ணீர் போக வழி வைத்தாயிற்று. இனி வராமல் மூட வேண்டும். இங்கேதான் கவனமாக இருக்கிறவர்களே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நீலநிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயை வாங்கி, காற்றே புகாதபடி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஈர வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கும். பகல் வெயிலில் படகின் ஈரம் ஆவியாகும். வெளியேற வழியில்லாமல், இரவுக் குளிரில் தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் துளியாகிச் சொட்டும். வசந்தத்தில் திறந்தால் மெத்தைகளில் கறுப்புப் புள்ளிகளும் பூசண வாடையும் எதிரே வரும். மழை நுழையாமலும் காற்று நுழைகிற மாதிரியும் மூடுவதுதான் கணக்கு. கான்வாஸ் துணியானால் அதுவே கொஞ்சம் மூச்சு விடும். பிளாஸ்டிக்கானால் இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள் வைக்க வேண்டும். தார்ப்பாய்க்கும் படகுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

தார்ப்பாய் தட்டையாகக் கிடக்கக் கூடாது என்பதும் முக்கியம். நடுவில் மரச்சட்டத்தால் ஒரு முகடு கட்டி, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்து, வீட்டுக் கூரையாகவே நினைத்துப் போட வேண்டும். புதுப் பனி 30 சென்டிமீட்டர் விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவுக்கு எடை வரும். 10 சதுர மீட்டர்த் தார்ப்பாய்க்கு 300 கிலோ. நடுவில் ஒரு குழி விழுந்தால் அடுத்த மழையும் அதிலேயே போய்த் தேங்கும், தேங்கியது உறையும், கடைசியில் துணி கிழிந்து எல்லாம் மெத்தைமேல் இறங்கும். சரிவு நன்றாக இருந்தால் பனி தானாகவே வழுக்கி இறங்கிவிடும்.

மூடுமுன் மெத்தைகள், மிதவைச் சட்டைகள், பிள்ளைகள் விட்டுப்போன பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். எலிக்குக் குளிர்காலத்தில் இதைவிட நல்ல வீடு கிடைக்காது. மெத்தையைப் பிய்த்துக் கூடு கட்டுவதோடு நிற்காமல் மின்கம்பிகளையும் கடித்துவைக்கும்.

படகு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அடுத்ததாகப் பார்ப்போம். ஏரியில் தண்ணீர் அதன் வயிறு முழுவதையும் எல்லாப் பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தது. டிரெய்லரிலோ இரண்டு தாங்கு கட்டைகளும் சில உருளைகளும்தான் மொத்த எடையையும் வாங்குகின்றன. ஓரிரண்டு மணிநேரப் பயணத்துக்கு அது போதும். ஏழு மாதம் ஒரே இடத்தில் அழுந்தினால், ஒழுங்காகப் பொருந்தாத கட்டை படகின் வயிற்றில் குழி போட்டுவிடும். குழி விழுந்த படகு வேகமாகப் போகும்போது நேராக ஓடாது. குனிந்து பாருங்கள்: கட்டைகள் முழு நீளத்துக்கும் படகைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அமரப் பலகை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும். எஞ்சினின் எடை அங்கேதான் தொங்குகிறது. அதற்கு அடியில் தாங்கல் இல்லையென்றால், எத்தனை நல்ல தார்ப்பாய் போட்டும் பயனில்லை. அணியத்தையும் அமரத்தையும் டிரெய்லரோடு இழுத்துக் கட்டியிருக்கிற பட்டைகளை, படகு நின்ற பிறகு சற்றே தளர்த்திவிடலாம்.

எஞ்சினுக்கும் நாம் செய்வது அதே வேலைதான், தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இரும்பாலும் அலுமினியத்தாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. நம் அவுட்போர்டில் இதற்கான ஏற்பாடு எளிது: எஞ்சினை நேராக, செங்குத்தாக இறக்கி நிறுத்தினால் குளிர்விக்கும் தண்ணீர் தானே வடிந்துவிடும். சாலையில் வரும்போது உயர்த்தி வைத்தவர்கள் வீட்டில் இறக்க மறந்துவிடுகிறார்கள். உயர்ந்து நிற்கிற எஞ்சினின் புரொபெல்லர் நடுவில் ஒரு குழாய் வாய் திறந்திருக்கும். மழையும் பனியும் அதில் நிறைந்து உறைந்தால் கியர்ப் பெட்டி வெடித்துவிடும். படகுக்குள்ளேயே எஞ்சின் வைத்தவர்களுக்கு வேலை அதிகம். அவர்கள் எஞ்சின் உடம்பில் இருக்கிற வடிகுழாய்களைத் திறந்து காலி செய்து, உறையாத திரவத்தை உள்ளே ஓடவிட வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கிறார்களே, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, அதுதான். முதல் தடவை இதை ஒரு மெக்கானிக்கிடம் விட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

கியர்ப் பெட்டியின் எண்ணெயையும் இப்போதே மாற்றிவிட வேண்டும், வசந்தத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. கீழ்த் திருகாணியைக் கழற்றி முதலில் வருகிற துளிகளை விரலில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் நிம்மதி. வெண்மையாகக் கலங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பல தடவை அதற்குக் காரணம், புரொபெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் சீலை அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு. அக்டோபரில் தெரிந்தால் சீலை மட்டும் மாற்றலாம். ஏப்ரலில் தெரிந்தால் உறைந்து விரிந்த தண்ணீர் பெட்டியையே உடைத்திருக்கும்.

எஞ்சினை வாசலில் ஓட்டிப் பார்ப்பதென்றால் தோட்டத்துக் குழாயை மாட்டித் தண்ணீர் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீரை மேலே இழுக்கிற பம்பின் சக்கரம் ரப்பர். காய்ந்தபடி சுழன்றால் சிறிது நேரத்திலேயே தீய்ந்துவிடும். மூடிய கராஜுக்குள் ஓட்டவே கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பெட்ரோலிலும் தண்ணீர்தான் பிரச்சினை. இங்கே விற்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீத அளவுக்கு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவுக்குமேல் சேர்ந்ததும் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகிற குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். பாதி காலியான தொட்டியில் காற்று அதிகம், காற்றில் ஈரம் உண்டு. அதனால் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, தொட்டியை ஏறக்குறைய நிரப்பி, பெட்ரோல் கெடாமல் வைக்கிற மருந்தைக் கலந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் மருந்து குழாய்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் கடைசி நிரப்பலுக்கு அதையே போடுவது இன்னும் நல்லது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். முழுச் சார்ஜில் இருக்கிற சாதாரண ஈய அமிலப் பேட்டரி மைனஸ் 40-க்கும் அசையாது. முழுக்க இறங்கிப்போனதோ மைனஸ் 10 வருமுன்னே உறைந்து வெடிக்கும். உள்ளே இருப்பது அப்போது பெரும்பாலும் தண்ணீர்தான். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் போதும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரில் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

டிரெய்லரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அதன் சக்கரங்கள் ஏரிக்கரையில் படும் பாட்டைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடான சக்கரக் குடத்தை, போய்ச் சேர்ந்ததும் குளிர்ந்த ஏரியில் இறக்குகிறோம். உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கும்போது சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் கிரீஸோடு கலந்து குளிர்காலம் முழுக்க பேரிங்கில் உட்கார்ந்து துருப்பிடிக்க வைக்கும். ஆகவே நிறுத்தும்போதே கழற்றித் துடைத்து, படகு டிரெய்லருக்கென்று விற்கிற கிரீஸை நிரப்ப வேண்டும். டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பக்கவாட்டில் ஒரு குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3621 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் கோடுகள் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. அச்சுக்குப் பக்கத்தில், டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் தாங்கிகள் கொடுத்து டயர்மேல் இருக்கிற எடையைக் குறைக்கலாம். தாங்கியைப் படகின் வயிற்றுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, அக்கம்பக்கம். படகை வாசலில் எத்தனை நாள் நிறுத்தலாம், எவ்வளவு தள்ளி நிறுத்தலாம் என்பதற்குப் பல ஊர்களில் நகராட்சி விதி உண்டு; நிறுத்துமுன் விசாரித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவின் சீசைடு நகரில் ஒருவரிடம், வாசல் படகை ஆறடி வேலி கட்டி மறைக்கச் சொன்னது நகராட்சி. அவர் வேலியைக் கட்டினார். பக்கத்து வீட்டு ஓவியர் அந்த வேலியில் பின்னால் நிற்கிற படகையே அச்சு அசலாக வரைந்து கொடுத்தார். 2024-இல் உலகமே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. ஓவியம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் இந்த விதிகள் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எட்டடி உயரத்துக்கு மூடிய படகு ஒன்று நடைபாதை ஓரமாக நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது நடைபாதையில் வருகிற குழந்தை அவர் கண்ணுக்குத் தெரியாது. விதி இல்லாத ஊரிலும் படகைச் சில அடி உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அப்படியே டிரெய்லரின் மூக்கில் ஒரு பூட்டும், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையும் போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் தார்ப்பாயை எடுக்கும்போது, டயரில் காற்று, விளக்குகள், பேட்டரி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம். முதல் பயணத்தில் இருபது கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுக் குடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் போகலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பேரிங் ஏரி வரைக்கும் வராது, அங்கேயே உதவிக்கு ஆள் கூப்பிடுவதுதான் சரி. ஏரிக்கரைச் சரிவில் வரிசையில் நிற்கிறவர்களின் அவசரம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே, வண்டி நிறுத்தும் இடத்திலேயே, சாவியில் கட்டியிருக்கிற தக்கையை எடுத்துத் துளையில் திருகிவிடுங்கள். படகு தண்ணீரில் இறங்கிய பிறகும் அணியத்துக் கொக்கியைக் கழற்றாமல் ஒரு நிமிடம் நிறுத்தி, அடியில் தண்ணீர் ஏறுகிறதா என்று எட்டிப் பாருங்கள். ஏறினால் அப்படியே மேலே இழுத்துக்கொள்ளலாம்.